நிறுவன ஆளுகையும் பொறுப்புள்ள வணிகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிறிய, நடுத்தர நிறுவனங்களை நடத்தும் தமிழர்களும், கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களும், ஊழியர் சேமநிதியில் மாதந்தோறும் பணம் சேர்த்துவரும் தொழிலாளர்களும், நிறுவனச் செயலாளராகப் பணியாற்றும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே விடைகளுடன் தொகுத்திருக்கிறேன். சட்ட விவரங்கள் மலேசியாவுக்கு உரியவை. குறிப்பிட்ட ஒரு தகராறு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத் தனியே கலந்தாலோசிக்க வேண்டும்.

நிறுவன ஆளுகை என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நிறுவனத்தில் முடிவெடுப்பவர் யார், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது, எடுத்த முடிவுக்கு அவர் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும், தவறு நேர்ந்தால் அதைக் கண்டு நிறுத்துவது எப்படி என்பவற்றை முறைப்படுத்தி வைப்பதே நிறுவன ஆளுகை. இயக்குநர் குழு, தணிக்கையாளர், பங்குதாரர் கூட்டம், பதிவேடுகள் எல்லாம் இதற்கான கருவிகள்.

1997-98 ஆசிய நிதி நெருக்கடியின்போது, கடனில் மூழ்கிய நிறுவனங்களின் உண்மை நிலை அவற்றின் பங்குதாரர்களுக்கே தெரியாமல் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் இந்தப் பேச்சு நம் நாட்டில் வலுப்பெற்றது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 1999இல் தன் ஆளுகைக் கோட்பாடுகளை வெளியிட்டது; மலேசிய நிறுவன ஆளுகை நெறித்தொகுப்பு 2000இல் வந்தது. அது 2007, 2012, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது.

எங்களுடையது குடும்ப நிறுவனம். நானும் தம்பியும்தான் இயக்குநர்கள். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

நெறித்தொகுப்பு முதன்மையாகப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கானது என்பது உண்மை. ஆனால் 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்துகிறது. நிறுவனத்தின் பணம் உங்கள் பணம் அன்று என்பதிலிருந்து அந்தச் சட்டம் தொடங்குகிறது. அண்ணன் கார் வாங்கிய கடனை நிறுவனக் கணக்கிலிருந்து கட்டுவதும், மகள் திருமணச் செலவை இயக்குநர் கடன் என்று எழுதி வைத்துவிட்டு மறந்துபோவதும் பல குடும்ப நிறுவனங்களில் சாதாரணமாக நடக்கின்றன. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருக்கும்வரை அது யாருக்கும் உறுத்துவதில்லை. அடுத்த தலைமுறை கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் நாளில்தான் பிரிவினை வருகிறது. சிறிய தனியார் நிறுவனங்களுக்கு இப்போது தணிக்கை விலக்கு கிடைக்கிறது. கணக்கு வைப்பதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.

பெயருக்கு மட்டும் இயக்குநராக இருக்கச் சொல்லி உறவினர் கேட்கிறார். கையொப்பம் போடலாமா?

என் வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வங்கிக் கடனுக்கான தீர்மானத் தாள்களில் கையொப்பமிட வேண்டிய இடங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்புவது அலுவலக வழக்கம். மாமாவின் நிறுவனத்திலோ மருமகனின் நிறுவனத்திலோ பெயர் கொடுத்திருக்கும் ஓர் அம்மா வந்து, மேசை ஓரத்தில் நின்றபடியே “எத்தனை இடத்திலம்மா போடணும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மஞ்சள் தாள் இருக்கும் இடங்களில் எல்லாம் கையொப்பமிட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தத் தாள்களில் ஒன்று அவருடைய சொந்தச் சொத்தையே பிணையாக்கும் தனிநபர் உத்தரவாதமாக இருக்கலாம். உட்கார வைத்து ஒவ்வொரு தாளையும் தமிழில் விளக்கிய பிறகுதான் பேனாவைக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தின் பார்வையில் பெயருக்கு மட்டும் இயக்குநர் என்று ஒரு வகை கிடையாது. நிறுவனங்கள் சட்டத்தின் 213ஆவது பிரிவு, ஒவ்வோர் இயக்குநரும் உரிய நோக்கத்துக்காகவும் நல்லெண்ணத்துடனும் நிறுவனத்தின் நலனுக்காகவும் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. இதை மீறினால் 5 ஆண்டுவரை சிறை, 30 இலட்சம் ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். தொழிலாளர்களின் சேமநிதிச் சந்தாவை நிறுவனம் கட்டாமல் விட்டால் இயக்குநர்கள் அந்த நிலுவைக்குத் தனித்தும் கூட்டாகவும் பொறுப்பாவார்கள். அவர்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் சேமநிதிச் சட்டத்தில் இடமுண்டு. “எனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் நடத்தினார்” என்பது அங்கே விடையாக ஏற்கப்படாது. உறவு முறியாமல் மறுக்க முடியவில்லை என்றால், குறைந்தது வங்கிக் கணக்கின் மாத அறிக்கையும் ஆண்டுக் கணக்கும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால், கையொப்பமிடக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பதை ஏன் தெரிவிக்க வேண்டும்?

நிறுவனங்கள் சட்டத்துக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருந்தாலும், இறுதியில் நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவரின் விவரத்தைத் திரட்டி, எஸ்எஸ்எம் என்று நாம் சொல்லும் நிறுவன ஆணையத்திடம் பதிய வேண்டும். பங்குகளிலோ வாக்குரிமையிலோ 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர் அந்த வரையறைக்குள் வருவார். அதைவிடக் குறைவாக வைத்திருந்தாலும் இயக்குநர் குழுவை ஆட்டிவைக்கும் அதிகாரம் உள்ளவரும் வருவார். இலஞ்சப் பணமும் வரி ஏய்ப்புப் பணமும் நாடு விட்டு நாடு போவது பெரும்பாலும் முகம் தெரியாத நிறுவனங்களின் வழியாகத்தான். ஆகவே இதை இன்னொரு படிவம் என்று அலுத்துக்கொள்ளாமல் நிரப்புங்கள்.

வேலை நடக்க ‘டூயிட் கோப்பி’ (காப்பிக் காசு என்ற பெயரில் கையூட்டு) கொடுப்பது எல்லோரும் செய்வதுதானே?

இலஞ்சம் கொடுப்பது முன்பும் குற்றமாகத்தான் இருந்தது. 2020 ஜூன் 1 முதல், ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு நிறுவனத்தையே குற்றவாளியாக்குகிறது. நிறுவனத்துடன் தொடர்புடைய ஒருவர், அதாவது ஊழியரோ முகவரோ துணை ஒப்பந்தக்காரரோ, நிறுவனத்துக்கு ஒரு குத்தகையையோ (ஒப்பந்த வேலையையோ) ஆதாயத்தையோ பெற்றுத்தர இலஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் குற்றம் புரிந்ததாகும். இலஞ்சத் தொகையைப்போல் குறைந்தது 10 மடங்கு அல்லது 10 இலட்சம் ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு அபராதம் வரும். 20 ஆண்டுவரை சிறையும் உண்டு. இயக்குநர்களும் அதே குற்றத்தைச் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள். தங்கள் சம்மதமின்றி நடந்தது என்பதையும், அதைத் தடுக்கத் தக்க கவனம் எடுத்தார்கள் என்பதையும் அவர்கள்தாம் நிரூபிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு உள்ள தற்காப்பு ஒன்றுதான்: இலஞ்சத்தைத் தடுப்பதற்குப் போதிய நடைமுறைகளை முன்பே வைத்திருந்தது என்று காட்டுவது. பிரதமர் துறை 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, தலைமையின் உறுதி, அபாய மதிப்பீடு, கட்டுப்பாடுகள், கண்காணிப்பு, பயிற்சி ஆகியவற்றை அடிப்படையாகச் சொல்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு போக்குவரத்து நிறுவனத்துக்கு இது தடித்த புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்கும் எல்லாச் சீட்டிலும் பெறுபவரின் பெயரும் காரணமும் இருக்க வேண்டும். முகவருக்குத் தரும் கழிவுத்தொகை ஏன் அந்த அளவு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தீபாவளிப் பரிசுக்கூடை யார் யாருக்குப் போனது என்று ஒரு பதிவு இருக்க வேண்டும். பலகாரத் தட்டு குற்றமாகாது. குத்தகைக்கு விண்ணப்பித்திருக்கும் மாதத்தில், முடிவெடுக்கும் அதிகாரியின் வீட்டுக்குப் போகும் கனமான உறை குற்றம்.

1எம்டிபி விவகாரத்தில் அப்படி என்ன பாடம்? அது பெரிய மனிதர்கள் கதையல்லவா?

2009இல் அரசு நிறுவிய அந்த முதலீட்டு நிறுவனத்திலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திசைமாற்றப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கூறியது. இந்தத் தொகைகளின் பிரமாண்டத்தில் நாம் மூச்சடைத்துப் போய், எந்த இடத்தில் கட்டுப்பாடு அறுந்தது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். முதல் பெரிய பரிமாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டு முயற்சிக்காக 100 கோடி டாலர் கொடுக்க இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. பணம் முழுவதும் கூட்டு நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருக்க வேண்டும். 70 கோடி டாலர் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. இது தெரிய வந்ததும் இயக்குநர் குழுவின் அன்றைய தலைவர் ஆட்சேபித்து, சில வாரங்களில் பதவி விலகினார். குழு தொடர்ந்து இயங்கியது. அடுத்தடுத்த கடன் பத்திரங்களும் வெளிவந்தன. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2016இல் தாக்கல் செய்த அறிக்கை நிர்வாகத்தையும் இயக்குநர் குழுவையும் குறைகூறியது.

தீர்மானம் சொல்வது ஒன்று, வங்கி ஆணை சொல்வது வேறொன்று என்றிருந்தும் பணம் நகர்ந்ததே, அங்கேதான் ஆளுகை செத்தது. உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ கோயில் கட்டட நிதியிலோ இதே தவறு சில ஆயிரங்களில் நடக்க முடியும். தணிக்கையாளர் கையொப்பமிட்டார் என்பதும் முழுப் பாதுகாப்பாகாது. அந்த விவகாரத்தில் இரண்டு பெரிய தணிக்கை நிறுவனங்கள் 2021இல் மலேசிய அரசுக்குப் பெருந்தொகை கொடுத்துத் தீர்வு கண்டன. இதனோடு தொடர்புடைய எஸ்ஆர்சி நிறுவனத்துக்கு 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. ஆசிரியர், தாதி, அலுவலகப் பணியாளர் ஆகியோரின் முதுமைக்கான பணம் என்பதால், இதைப் பெரிய மனிதர்கள் கதை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

உலக வளர்ச்சிக்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு?

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கிய பணம் குத்தகைகளாகத்தான் செலவாகிறது; அந்தக் குத்தகைகளை எடுப்பவை நிறுவனங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளுக்குள் ஊழலைக் குறைப்பதும், கட்டாய உழைப்பை ஒழிப்பதும், நிறுவனங்கள் தம் நீடித்த தன்மை (சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் நீண்டகாலம் இயங்குவது) பற்றி அறிக்கையிடுவதும் தனித்தனிக் குறியிலக்குகளாகவே இடம்பெற்றிருக்கின்றன. மனித உரிமை அவை 2011இல் ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள் இதை இன்னும் தெளிவாக்கின: மனித உரிமையைக் காப்பது அரசின் கடமை, மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கிடைக்க வழி இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்களுக்கு நேரடியான விளைவும் உண்டு. உலக வங்கி நிதியளிக்கும் திட்டத்தில் மோசடி செய்து பிடிபட்ட நிறுவனத்தின் பெயர் பொதுவில் வெளியிடப்பட்டு, அது தடை செய்யப்படுகிறது. 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட பிற வளர்ச்சி வங்கிகளும் அந்தத் தடையை மதிக்கின்றன. ஒரு நாட்டில் செய்த தவறு அடுத்த நாட்டின் கதவையும் சாத்திவிடும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கிறோம். வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி நீண்ட வினாப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எப்படி நிரப்புவது?

உண்மையைக் கொண்டு நிரப்புங்கள். அதற்கு முன் தொழிலாளர் விடுதிக்கு ஒரு முறை நேரில் போங்கள். கடவுச்சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். “பாதுகாப்புக்காக” மேற்பார்வையாளரின் இரும்பு அலமாரியில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தால், பதிவேட்டில் தொழிலாளர் சம்மதக் கையொப்பம் இருந்தாலும் அது சம்மதம் ஆகாது. தம் கடவுச்சீட்டைத் தானே எடுத்துக்கொள்ள முடியாத ஒருவர் எதற்கும் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. பிறருடைய கடவுச்சீட்டைச் சட்டப்படி அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

அடுத்து, இங்கு வர எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று கேளுங்கள். இதைத்தான் பல முதலாளிகள் கேட்பதே இல்லை. முகவருக்குக் கொடுத்த பணத்துக்காக ஊரில் நிலத்தை அடகு வைத்தவர், மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைப் பல மாதங்களுக்கு வட்டிக்கே அனுப்புகிறார். வேலை எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் அவரால் விட்டுவிட்டுப் போக முடியாது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளில் கடன் பிணைப்பும் அடையாள ஆவணப் பறிமுதலும் இடம்பெறுவது இதனால்தான். பணியமர்த்தும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது இன்று பெரிய வாங்குநர்கள் எதிர்பார்க்கும் நியதி. கையுறைத் தயாரிப்பில் உலகின் முன்னணி நிறுவனமான டாப் குளோவின் பொருள்களை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. தொழிலாளர்களிடமிருந்து பெறப்பட்ட கட்டணத்துக்கு ஈடாகச் சுமார் 15 கோடி ரிங்கிட் திருப்பிக் கொடுக்கப்பட்டு, மற்றக் குறைகளும் களையப்பட்ட பின் 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. கட்டாய உழைப்பை உள்நாட்டிலேயே தனிக் குற்றமாக்கும் 90பி பிரிவு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் இருக்கிறது.

நம் பாட்டன்மார் கங்காணி முறையிலும் ஒப்பந்தக் கூலி முறையிலும் கடனோடுதான் இந்த மண்ணில் இறங்கினார்கள். அந்த வரலாற்றை மேடைதோறும் பேசும் நம் முதலாளிகள், தம் விடுதியில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளியின் கடனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தரச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. கராச்சியின் ஓர் ஆடைத் தொழிற்சாலை 2012 ஆகஸ்ட்டில் பெயர்பெற்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் பெற்றது. அடுத்த மாதமே அங்கு மூண்ட தீயில் 250க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தணிக்கை நாளுக்காகக் கதவுகளைத் திறந்து வைத்து, சம்பளப் பட்டியலை இரண்டாக எழுதி வைக்கும் இடத்தில் சான்றிதழ் யாரையும் காப்பாற்றாது.

ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் நன்கொடை தருகிறோம். அது பொறுப்புள்ள வணிகம் ஆகாதா?

நன்கொடை நல்ல காரியம். தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு அது தேவையாகவும் இருக்கிறது. ஆனால் பொறுப்பு என்பது இலாபம் வந்த பிறகு அதில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கு முன், அந்த இலாபம் எப்படி வந்தது என்பதைப் பற்றியது. 2025 பிப்ரவரியில் தொடங்கி ஆகஸ்ட்டுக்குள் எல்லா முதலாளிகளுக்கும் நடைமுறையான 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுக்காத நிறுவனம், மேடையில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டால், அந்தப் பணம் யாருடையது என்ற கேள்வி எழும். தொழிலாளியிடம் பிடித்த சேமநிதிச் சந்தாவைக் கட்டாமல் கோபுரத் திருப்பணிக்குத் தருவதை எந்தச் சாத்திரமும் தருமம் என்று ஏற்காது.

நீடித்தத்தன்மை அறிக்கைகளை நம்பலாமா?

படித்துப் பார்த்து நம்பலாம். படங்களைத் தாண்டி எண்களைத் தேடுங்கள்: எத்தனை விபத்து, எத்தனை புகார், எவ்வளவு அபராதம், சென்ற ஆண்டு சொன்ன இலக்கு இந்த ஆண்டு எங்கே போனது. கெட்ட செய்தியே இல்லாத அறிக்கையை நான் சந்தேகத்துடன்தான் படிப்பேன். 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் கட்டமைப்பின்படி, பங்குச்சந்தையின் முதன்மைச் சந்தையில் 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் சந்தை மதிப்புள்ள நிறுவனங்கள் 2025 முதலும், அச்சந்தையின் மற்ற நிறுவனங்கள் 2026 முதலும், வளரும் நிறுவனங்களுக்கான ஏஸ் சந்தையில் உள்ள நிறுவனங்களும் பட்டியலிடப்படாத பெரிய நிறுவனங்களும் 2027 முதலும் அனைத்துலகத் தரத்தை ஒட்டிப் படிப்படியாக அறிக்கையிட வேண்டும்.

என்னிடம் இருப்பது ஆயிரம் பங்குகள். என் குரல் எடுபடுமா?

எடுபடும், கேள்வி குறிப்பாக இருந்தால். பொதுப் பங்கு நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு குறைந்தது 21 நாளுக்கு முன் வர வேண்டும். அந்த நாள்களில் ஆண்டறிக்கையைத் திறந்து, இயக்குநர் ஊதியம், தொடர்புடையவர்களுடன் செய்த வணிகம், தணிக்கையாளரின் குறிப்பு ஆகிய பகுதிகளையாவது படியுங்கள். இயக்குநரின் மைத்துனர் நிறுவனத்துக்கு ஏன் வாடகை கட்டுகிறோம் என்ற ஒரு கேள்வி, மதிய உணவுப் பொட்டலம் பற்றிய பல புகார்களைவிடப் பயன் தரும். 2000இல் தொடங்கப்பட்ட சிறு பங்குதாரர் கண்காணிப்புக் குழு, பட்டியலிட்ட நிறுவனங்களிடம் தான் கேட்கும் கேள்விகளை வெளியிடுகிறது. கேட்கும் முறையைக் கற்க அதைப் பார்க்கலாம்.

நம் சமூகத்தில் பலர் பணம் போட்டு ஏமாந்தார்களே. இனி யாரை நம்புவது?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மைக்கா ஹோல்டிங்ஸை மனத்தில் வைத்துக் கேட்கப்படுகிறது. 1982இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில் 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் முதலிட்டார்கள். அவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கிய பங்குக்கு 80 சென் தருவதாக ஒரு தரப்பு முன்வந்தபோது, அதையாவது பெற்றுக்கொள்ளலாம் என்று வயதானவர்கள் நினைத்தார்கள். சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு பங்குதாரர்களால் ஒரு நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு நமக்குத் தேவையில்லை.

அதே சமூகம்தான், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. ஆகவே சேர்ந்து முதலிடுவதை விட்டுவிடுவது விடையாகாது. பணம் போடும் முன் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். போட்ட பின் ஆண்டுக்கூட்டத்துக்குப் போங்கள். அங்கே கணக்கு மூன்றே நிமிடத்தில் “ஏற்கப்பட்டது” என்று அறிவிக்கப்பட்டால் எழுந்து நின்று பக்க எண்ணைச் சொல்லி விளக்கம் கேளுங்கள். கேட்டதும் கிடைத்த பதிலும் கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

நான் வேலை செய்யும் இடத்தில் முறைகேடு நடக்கிறது. சொன்னால் எனக்குப் பாதுகாப்பு உண்டா?

2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் அடையாளத்தை இரகசியமாக வைக்கவும், வழக்கிலிருந்தும் பழிவாங்கலிலிருந்தும் காக்கவும் வழி செய்கிறது. ஆனால் தகவலை ஊழல் தடுப்பு ஆணையம், காவல்துறை, நிறுவன ஆணையம் போன்ற அமலாக்க அமைப்பிடம் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ பத்திரிகையிலோ முதலில் வெளியிட்டவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பதில்லை. மனம் கொதித்து அவசரப்படுபவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கண்ணால் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து, தேதி, இடம், தொகை ஆகியவற்றுடன் எழுதி வையுங்கள். உங்கள் பணியின்போது கைக்கு வந்த ஆவணம் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவர் மேசையைத் திறந்து எடுக்காதீர்கள். அமைப்பின் அலுவலகத்தில் புகாரைக் கொடுக்கும்போது பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதைத் தெரிவிக்கிறேன் என்று தெளிவாகச் சொல்லி, அது பதிவானதற்கான சான்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். சம்பளமும் கூடுதல் நேர ஊதியமும் மட்டுமே பிரச்சினை என்றால், அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்வதுதான் விரைவான வழி.